எட்டுத் தடமும் இரண்டு வயரும்: வீட்டு ஒலிப்பதிவு அனுபவங்கள்

ஆரையம்பதியிலிருந்து:
வடமோடிக் கூத்தின் வரவுப் பாட்டுகளை எங்கள் வீட்டு விறாந்தையிலேயே பதிந்தோம். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாருக்கு ஒன்று, மத்தளத்துக்கு ஒன்று, சல்லரிக்கு ஒன்று, பிற்பாட்டுக்காரருக்கு ஒன்று என நான்கு மைக்குகளை, ஒலிகளைக் கலக்கும் மிக்சரில் செருகி, அதன் பிரதான வெளியீட்டிலிருந்து இரண்டு வயர்களை, எட்டு ஒலிகளைத் தனித்தனியே பதியக்கூடிய எட்டுத் தட ரெக்கோடருக்குக் கொடுத்தேன். எட்டு மீட்டர்களில் இரண்டு மட்டுமே எழுந்து விழுந்துகொண்டிருந்ததை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. மறுநாள் சைக்கிளில் வந்த அண்ணாவியார் ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடிச் சற்று நேரம் கேட்டுவிட்டு, "மனே, இதுக்குள்ள என்ட குரல் எங்க?" என்றார். மத்தளத்தைக் குறைத்தால் அவரும் குறைந்தார். மிக்சர் நான்கையும் கலந்து இடம், வலம் என இரண்டாகவே வெளியே விட்டிருந்தது.

அக்கரைப்பற்றிலிருந்து:
மேலே எழுதியவர் மிக்சர்மீது பழி போடுவது சரியன்று. அதன் பின்புறத்தில் ஒவ்வொரு சனலுக்கும், அதாவது ஒவ்வொரு மைக்கின் ஒலி போகும் வழிக்கும், 'இன்சர்ட்' துளை இருந்திருக்கலாம். பல மிக்சர்களில் மோனோ பிளக்கை முதல் 'கிளிக்' வரை மட்டும் அழுத்தினால், அந்த மைக்கின் ஒலி தனியாக ரெக்கோடருக்குப் போகும், மிக்சரிலும் அறுபடாது. அந்த இடம் பெரும்பாலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முந்தியது என்பதால், பதிவின் அளவை, மைக்கின் ஒலியை நுழைவிலேயே பெருக்கும் கெயின் குமிழில்தான் சரிசெய்ய வேண்டும். என் தவறு வேறு: மிக்சரின் லைன் வெளியீட்டை ரெக்கோடரின் மைக் துளையில் செருகிவிட்டேன். மைக்கின் சமிக்ஞை மிகச் சிறியது, லைன் அதைவிடப் பல மடங்கு பெரியது. அக்காவின் மகள் பாடிய தாலாட்டு, கிழிந்த ஸ்பீக்கரில் கேட்பதுபோலப் பதிவாகியிருந்தது. அதை இன்னும் அழிக்க மனம் வரவில்லை.

வாழைச்சேனையிலிருந்து:
நான்கு மைக்குகளுக்கு மிக்சரே தேவையில்லை என்பது என் கருத்து. ரெக்கோடரில் நான்கு மைக் துளைகள் இருந்தால் நேரே செருகலாமே! என் கதை சிறியது. பதிந்ததைக் கேட்பதற்காக ரெக்கோடரின் வெளியீட்டை மிக்சரின் ஒரு சனலுக்குக் கொண்டுவந்தேன். அந்தச் சனலோ மறுபடியும் ரெக்கோடருக்கே போய்க்கொண்டிருந்தது. ஃபேடரை உயர்த்தியதும் எழுந்த ஊளைக்கு ஒழுங்கையில் நின்ற நாய்களெல்லாம் பதில் கொடுத்தன. கேட்பதற்கான ஒலியைப் பதிவுக்குப் போகாத வழியில், அதாவது ஹெட்ஃபோனுக்கு மட்டும் விட வேண்டும்.

கேட்காவிட்டாலும் இன்னொன்று சொல்கிறேன். மிக்சரையும் ரெக்கோடரையும் வெவ்வேறு பிளக் பொயின்ற்றுகளில் செருகினால், நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் அடித்தொண்டையில் முனகுவதுபோலக் கலக்கக்கூடும். இரண்டையும் ஒரே மல்ரி பிளக்கில் செருகிப் பாருங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் வயரைக் கழற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்து. கண்டென்சர் மைக் பயன்படுத்துவோர், அந்த மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்துக்கொள்ளவும், இல்லையேல் 'தொம்' என்று அதிரும்.

மீண்டும் ஆரையம்பதியிலிருந்து:
பின்புறத்தைப் பார்த்தேன். இன்சர்ட் துளைகள் நான்கும் தூசி படிந்து அங்கேயே இருக்கின்றன. அண்ணாவியாரிடம் மறுபடி கேட்டதற்கு, வேளாண்மை வெட்டு முடியட்டும் என்றிருக்கிறார்.