மறு: ‘உள்நாட்டு உள்ளடக்கத் தேவை’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

நம் அகராதிக்காகக் கோத்தகிரி அக்கா அனுப்பிய சொல் பட்டியலில் ஊக்கச் செலவு, அரசுக் கொள்முதல் இரண்டுக்கும் நான் கையைத் தூக்கிவிட்டேன். மூன்றாவதில்தான் இடிக்கிறது. ‘உள்நாட்டு உள்ளடக்கத் தேவை’ (ஆங்கிலத்தில் local content requirement) என்று படித்தால் யாரோ புத்தகத்துக்குப் பொருளடக்கம் கேட்கிற மாதிரி இருக்கிறது. விஷயமோ கம்பி, குழாய், சிமெண்ட். அரசு பணம் போட்டுப் பாலம் கட்டும்போது அதில் போகிற இரும்பு எந்த நாட்டில் உருகியது என்று கேட்கிற சட்டம் அது. அதற்குக் கட்டுப்படாவிட்டால் டெண்டரே கைவிட்டுப் போகும், அதற்குப் போய் ‘தேவை’ என்றால் எப்படி?

உதகை ஆசிரியர் ஐயா சொன்ன ‘உள்நாட்டுப் பங்கு’ சின்னதாக, வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அதைப் போட்டால் ஷேர் மார்க்கெட் என்றுதான் நினைப்பார்கள். அடுத்து வந்த ‘காப்புக் கொள்முதல்’தான் எனக்கு உண்மையான தகராறு, ஏனென்றால் அதற்குக் குழுவில் ஆதரவு சேர்ந்துகொண்டே போகிறது.

2009 பிப்ரவரியில் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அமெரிக்கா போட்ட 787 பில்லியன் டாலர் ஊக்கச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1605ஆம் பிரிவு, இந்தப் பணத்தில் கட்டும் பொதுக் கட்டடத்துக்கும் பொதுப்பணிக்கும் போகிற இரும்பு, எஃகு, தயாரிப்புப் பொருட்கள் எல்லாம் அமெரிக்காவில் செய்ததாக இருக்க வேண்டும் என்றது. கீழ்ச்சபை முதலில் இரும்பு, எஃகு என்றுதான் எழுதியது, செனட் சபை தயாரிப்புப் பொருட்களையும் சேர்த்தது, ஆனால் கூடவே சர்வதேச உடன்படிக்கைகளுக்கு முரணாகப் போகக்கூடாது என்று ஒரு வரியையும் நுழைத்தது. உள்ளூரில் போதுமான அளவு கிடைக்காவிட்டால் விடலாம், திட்டத்தின் மொத்தச் செலவு 25 சதவீதத்துக்கு மேல் ஏறினால் விடலாம், பொதுநலனுக்கு ஒவ்வாது என்றாலும் விடலாம். இப்படி ஓட்டை வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஆதரித்தவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். மந்தம் வந்து ஆலைகள் பாதி நாள் சும்மா கிடக்கின்றன, மக்கள் வரிப்பணத்தைக் கொட்டுகிறோம், அது கப்பலேறி வெளியே போய்விட்டால் இங்கே யாருக்கு வேலை கிடைக்கும்? எதிர்த்தவர்கள் இறக்குமதி வரியை ஏற்றிய 1930ஆம் ஆண்டின் ஸ்மூட்-ஹாலி சுங்கச் சட்டத்தை நினைவுபடுத்தினார்கள். நீ அடைத்தால் அவனும் அடைப்பான், கடைசியில் இரண்டு பக்கமும் ஏற்றுமதி படுத்துவிடும் என்றார்கள். கனடாவில் அப்படித்தான் கிளம்பியது. அமெரிக்கச் சரக்கை வாங்கமாட்டோம் என்று ஒன்டாரியோவின் ஹால்டன் ஹில்ஸ் நகரசபை தீர்மானமே போட்டது. 2010 பிப்ரவரியில் இரு நாடுகளும் தனியாக உடன்பாடு செய்துகொண்ட பிறகுதான் சூடு தணிந்தது. அதற்குள் ஊக்கப் பணத்தில் பெரும்பகுதி ஒதுக்கி முடிந்துவிட்டது என்பது வேறு கதை.

இதில் யார் சொன்னது சரி என்பதை அகராதி ஏன் சொல்ல வேண்டும்? ‘காப்பு’ என்ற சொல்லைப் பெயரிலேயே ஏற்றிவிட்டால் வழக்கு நடக்கும் முன்னே தீர்ப்பு எழுதின மாதிரி. நம் நீலகிரி மலையையே பாருங்கள். சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளுக்கான இணையம் இன்ட்கோசர்வ். அந்த ஆலைகளின் தேயிலைத்தூள் ‘ஊட்டி டீ’ என்று ரேஷன் கடையில் போகிறது. அரசு வழியாக நடக்கிற விற்பனைதானே அது? இதைக் காப்பு என்று குன்னூரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சிறு விவசாயிக்குப் பச்சைத் தேயிலை விலை கொஞ்சமாவது நிற்க வேண்டும் என்றுதான் பேசுவோம். அதையே ஏலத்தில் தூள் வாங்கிப் பாக்கெட் போடுகிற தனியார் வியாபாரியிடம் கேட்டால் வேறு பெயர் சொல்வார். அவரும் பொய் சொல்லவில்லை.

சரி, ‘காப்பு’ வேண்டாம் என்றால் வெறும் ‘உள்நாட்டுக் கொள்முதல் நிபந்தனை’ என்று வைத்துவிடலாமா? நான் முதலில் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். அங்கேதான் சூரிய மின்சார வழக்கு குறுக்கே வந்தது. ஜவஹர்லால் நேரு தேசிய சூரியசக்தித் திட்டத்தில், அரசுக்கு மின்சாரம் விற்கும் கம்பெனிகள் இந்தியாவில் செய்த செல்களையும் பலகைகளையும்தான் போட வேண்டும் என்று சில சுற்றுகளில் நிபந்தனை இருந்தது. அமெரிக்கா உலக வணிக அமைப்புக்குப் போனது. (2009இல் அப்படிச் சட்டம் போட்ட அதே அமெரிக்காதான்!) அரசுக் கொள்முதலில் உள்நாட்டுப் பொருளைக் கேட்க விதிகளில் இடம் உண்டு என்று இந்தியா வாதாடியது. எடுபடவில்லை. அரசு வாங்கியது மின்சாரத்தை, பாகுபாடு காட்டியதோ பலகை விஷயத்தில், இது எப்படிக் கொள்முதல் ஆகும் என்று கேட்டுவிட்டார்கள். 2016இல் மேல்முறையீட்டிலும் அதேதான். ஆகவே கொள்முதலா இல்லையா என்பதே வழக்காக இருக்கும்போது நம் சொல் அதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு நிற்கக்கூடாது.

அதனால் தாய்ச்சொல்லாக ‘உள்நாட்டுப் பொருள் நிபந்தனை’ என்று வைப்போம். அரசே வாங்கும் இடத்தில் ‘கொள்முதலில் உள்நாட்டுப் பொருள் நிபந்தனை’ என்று நீட்டிக்கொள்ளலாம், நீளம்தான், ஆனால் டெண்டர் நோட்டீஸ் படித்தவர் எவருக்கும் ‘நிபந்தனை’யை விளக்க வேண்டியதில்லை. ‘கட்டாயம்’ என்று போடலாமே என்று அக்கா கேட்பார். இத்தனை விதிவிலக்கு வைத்துக்கொண்டு கட்டாயம் என்பது கொஞ்சம் அதிகம் அக்கா.

எது உள்நாட்டுப் பொருள் என்பதற்கு ஒரு அளவுச் சொல்லும் வேண்டும். பென்சில்வேனியாவில் ஒரு ஆலை வெளிநாட்டு எஃகுப் பாளத்தை வாங்கி அங்கேயே தகடாக உருட்டுகிறது, வேலை செய்கிறவர்கள் எல்லாம் அமெரிக்கத் தொழிலாளர்கள். 1605ஆம் பிரிவு வந்ததும் பாளம் வெளியிலிருந்து வந்தது என்பதால் அவர்களே ஆர்டரை இழந்தார்கள். யாரைக் காப்பாற்றப் போட்ட சட்டமோ! நம் மலை ரயிலிலும் இதே சிக்கலைப் போட்டுப் பார்க்கலாம். பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை, அதில் சந்தேகமில்லை. அந்த வகை எஞ்சினையே பின்னால் பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டினார்கள். கல்லாறு தாண்டி பல்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கடித்து ஏறும்போது அது எந்த ஊர் எஞ்சின்? உருவம் அவர்களுடையது, கை நம்முடையது. இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு கொள்முதல் ஆணை இந்தக் குழப்பத்துக்கே போவதில்லை. மொத்த மதிப்பில் இறக்குமதியானதைக் கழி, மீதி எத்தனை சதவீதம் என்று பார். 2020இல் திருத்தியபடி 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் விற்பவர் முதல் வகுப்பு, 20 முதல் 50க்குள் இரண்டாம் வகுப்பு. கணக்கு மதிப்பில்தான் நடக்கிறது, ஆகவே ‘உள்நாட்டு மதிப்பு விகிதம்’. உள்ளடக்கம், கூறு, பங்கு எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்.

அப்புறம், வெளிநாட்டுச் சரக்கை அடைத்து உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் கொள்கைக்கு வைத்த ‘பாதுகாப்புவாதம்’. ராணுவ முகாம் உள்ள வெலிங்டன் பக்கம் குடியிருக்கிறவனுக்குப் பாதுகாப்பு என்றால் ராணுவம்தான். ‘தொழிற்காப்பு’ என்று தனியாக ஏற்றிவிடுங்கள், திட்ட நினைப்பவர் அதை எடுத்துத் திட்டிக்கொள்ளட்டும்.

பாக்கி இருப்பது அந்த 25 சதவீத ஓட்டைக்கு ஒரு பெயர். ‘தள்ளுபடி’ என்றால் பயிர்க்கடன், ‘விலக்கு’ என்றால் மது என்று ஆசிரியர் ஐயா கிண்டல் செய்திருந்தார். வரிவிலக்கும் அதே விலக்குதானே ஐயா, மேடையில் பேசுகிறவர்களும் கணக்காளர்களும் ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளவில்லையா? என் ஓட்டு ‘நிபந்தனை விலக்கு’க்கு. ஞாயிறு கூட்டத்துக்குள் வேறு யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து