மலையிறங்கிய பின் காலுக்கு மின்சாரம்: உங்கள் அனுபவம் என்ன?

ஹட்டன் வாசகர்

நல்லதண்ணிப் பாதையால் சிவனொளிபாத மலைக்கு ஏறி, ஏறத்தாழ 5,500 படிகளையும் அன்று காலையிலேயே இறங்கி வீடு வந்து சேர்ந்தேன். தசையூக்கிக் கருவி என்பது தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாகச் சிறு மின்சாரம் அனுப்பித் தசையைச் சுருங்கவைக்கும் கருவி. மச்சான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஒன்றைக் கெண்டைக்காலில் ஒட்டி, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே அழுத்திவிட்டேன். முதலில் எறும்பு ஊர்வதைப் போலிருந்தது. பிறகு சதை கல்லாகத் திரண்டு, பாதம் முன்னே நீண்டு, பெருவிரல் கம்பளியைக் குத்திக்கொண்டு நின்றது. தளர்த்தப் பார்த்தேன், கால் என்னுடையதாக இல்லை. மறுநாள் லயத்து வாசலின் 7 படிகளையும் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். கருவிதான் என் காலைக் கெடுத்தது.

தலவாக்கலை

எனக்குச் சண்டை ஒட்டுப்பட்டையோடுதான். அம்மா தைலம் தேய்த்துவிட்ட காலில் அதை ஒட்டினேன். பிசுக்கில் பட்டை கழன்று, ஒரு மூலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. முழுப் பட்டையிலும் பரவ வேண்டிய மின்சாரம் அந்த மூலையில் குவிந்து, தையல் ஊசி இறங்கியதைப் போலச் சுரீரென்றது. தைலத்தையாவது கருவியையாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி அம்மா சொன்னார், தைலத்தைத் தேர்ந்தேன்.

ஹப்புத்தளை ஓட்டக்காரன்

முதலில் எழுதிய அண்ணன் கருவியின் மேல் பழி போடுவது நியாயமன்று. களைப்பாற்றும் மீட்சி நிலையில் மின் துடிப்பு பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸுக்குள், அதாவது நொடிக்குப் பத்துக்குள் இருக்கும்; சதை தனித்தனியாகத் துள்ளி, இரத்தத்தை மெல்லத் தள்ளிவிடும். 50 ஹெர்ட்ஸ் அளவுக்குப் போனால் துள்ளல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே இறுக்கமாகிவிடும். அது ஓய்வன்று, இன்னொரு பயிற்சி. நீங்கள் அழுத்தியது அதைத்தான். அதோடு, படியிறங்கும்போது தொடைச்சதை உடல் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்வதால் உள்ளே நுண்ணிய சேதம் உண்டாகிறது. அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். எனவே மறுநாள் வலி எப்படியும் வந்திருக்கும். கடும் உழைப்பில் சதையில் சேரும் லக்டிக் அமிலத்தைக் கருவி வெளியேற்றும் என்று விற்பவர் சொன்னாலும் நம்பாதீர்கள். ஓடி முடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் உடலே அதை அகற்றிவிடும்.

என் அனுபவம் சிறியது. லிப்டன் சீற் மலையுச்சியிலிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை ஓடியிறங்கிய அன்று, நான் 20 நிமிடம் கருவியை வைத்துக்கொண்டேன், நண்பன் தேயிலை மலைக்குள் மெதுவாக நடந்தான். அன்றிரவு எனக்குச் சுகமாக இருந்தது. மறுநாள் இருவரும் ஒரே மாதிரிதான் நொண்டினோம். வலி சற்றுக் குறையலாம். சதையின் பலம் விரைவில் திரும்பும் என்பதற்கு ஆய்வுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: கடும் உழைப்புக்குப் பிறகு சிறுநீர் கறுப்புத் தேநீரின் நிறத்தில் போனால், கருவியையும் தைலத்தையும் விட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சதை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

ஹட்டன் வாசகர்

தம்பி, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வது தொடை, எனக்கு வலித்தது பட்டை ஒட்டிய கெண்டைக்கால்.

கொட்டகலை ஆசிரியை

கணவர் நெடுந்தூர ஓட்டத்துக்காக வாங்கிய கருவி மேசையில் கிடந்தது. தோட்டத்தில் முப்பது வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய என் பெரிய மாமா, முழங்கால் வலிக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, காற்சட்டையைச் சுருட்டிப் பட்டைகளை ஒட்டிக்கொண்டு, கருவியைப் போடும் ஆளி எங்கே என்று என்னைக் கேட்டார். அவருடைய பனியனின் கழுத்தோரத்தில், இடது காறை எலும்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் தோல் மேடிட்டிருந்தது தெரிந்தது. அது இதயத் துடிப்பைச் சீராக்க உள்ளே வைக்கும் இதயமுடுக்கி. அதை வைத்தவர்கள் இக்கருவியைத் தொடவே கூடாது என்று அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள், ஆங்கிலத்தில். விளக்கிச் சொல்ல நேரமில்லாமல் வயரைப் பிடுங்கினேன். பட்டையோடு முழங்கால் முடியும் வந்துவிட்டது. ஓட்டக்காரப் பிள்ளைக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுக்க மனமில்லையா என்று கேட்டுவிட்டு, ஊற்றி வைத்த தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.