புதுப்பிப்பு: பள்ளிப் பயிற்சி தொடங்கிவிட்டது

பி.எட். இரண்டாம் ஆண்டில் படிப்பில் மனம் ஒட்டவில்லை, ஆசிரியர் வேலை எனக்குச் சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இப்போது பள்ளிப் பயிற்சியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

1/3, 1/4 இரண்டில் எது பெரியது என்று கேட்டேன். பாதி வகுப்பு 1/4 என்றது. 4 பெரிய எண் அல்லவா! விதியைச் சொல்லாமல், ஒரே அளவுத் தாள்கள் இரண்டைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன். மூன்றாக மடிப்பதுதான் பெரும்பாடு, ஓரம் சேரவே சேராது. கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு, “நிறைய பேர் பங்கு போட்டா கம்மியாத்தானே மிஸ் வரும்?” என்றாள். குழந்தைகள் கையால் செய்து பார்த்துத்தான் கற்கிறார்கள் என்ற உளவியலாளர் பியாஜே பற்றி மனப்பாடம் செய்ததெல்லாம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புறம், டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளுக்கும் உட்கார்ந்து படிக்க முடிகிறது. 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும்தான். அதை முதலில் எடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் தசம எண்கள்.