92ஆ, 95ஆ? விலை ஏறின நாட்களில் நாங்கள் அடித்த பெற்றோல்

கொக்குவிலில் இருந்து:

மாசக் கடைசி வந்தா எங்கடை வீட்டில இரவு பத்து மணிக்குப் பிறகும் எல்லாரும் போனும் கையுமாத்தான் இருப்பினம். நள்ளிரவோடை பெற்றோல் விலை ஏறுதோ இறங்குதோ எண்டு பாக்கிறது. இலங்கையில நாங்கள் அடிக்கிற பெற்றோல் ரெண்டு வகை: ஒக்டேன் எண் 92, ஒக்டேன் எண் 95. 95க்கு விலை கூட. ஏறினா அடுத்தநாள் காலமை சொந்தக்காரர் ஆராவது எனக்கு எடுப்பினம்: "அண்ணை, இவ்வளவு நாளும் 95 அடிச்சனான். இனி 92க்கு இறங்கினா எஞ்சினுக்கு ஏதும் வருமோ?" நான் மெக்கானிக் இல்லை. ஆனா என்னட்டை ஒரு கொப்பி இருக்கு. 2021இல இருந்து என்ரை மோட்டார் சைக்கிளுக்கு அடிச்ச ஒவ்வொரு லீற்றரையும் திகதி, விலை, மீற்றர் வாசிப்போடை அதில எழுதிறனான். அதைப் பாத்துத்தான் மறுமொழி சொல்லுறது. அதை இங்கையும் எழுதிறன், நீங்களும் உங்களுக்கு நடந்ததை எழுதுங்கோ.

2022ஆம் ஆண்டுப் பக்கங்களைத் திருப்பினா இப்பவும் நெஞ்சு பதறும். 2021 டிசம்பர்க் கடைசியில 92 பெற்றோல் லீற்றர் 177 ரூபா. மார்ச்சில 254. ஏப்ரலில 338. மே 24இல 420. ஜூன் 26இல 470. அதே ஜூன் 26இல 95 பெற்றோல் 450இல இருந்து ஒரேயடியா 550க்குப் போனது. ஆறு மாசத்துக்குள்ளை 92இன்ரை விலை இரண்டரை மடங்குக்கும் மேல.

பிறகு, போனில கியூஆர் குறியைக் காட்டினா பெற்றோலை அளந்து குடுக்கிற பங்கீட்டு முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நான் சாவகச்சேரிக்கு வேலைக்குப் போறனான், போக வர நாப்பது கிலோமீற்றர் கிட்ட வரும். ஐஞ்சு நாளுக்கு இருநூறு. என்ரை வண்டி லீற்றருக்கு ஐம்பது ஓடும். அப்ப நாலு லீற்றர் மட்டுமட்டு. கடைக்கு ஒருக்காப் போனாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் உருட்டத்தான் வேணும். அந்த நேரம் கூட வேலை செய்யிற ஒருத்தர் சொன்னார், "95 அடியும், அது சத்தான பெற்றோல், கூட ஓடும்" எண்டு. நானும் நம்பினன். 4 லீற்றருக்குமேல தரமாட்டினம் எண்டா, அந்த நாலையும் நல்லதா வாங்குவம் எண்டு ஒரு யோசினை. அப்ப 92 450, 95 540. கிழமைக்கு 360 ரூபா கூட.

நாலு கிழமை 95 அடிச்சன். அடுத்த நாலு கிழமை 92. ஒரே ரோட்டு, ஒரே நேரம், கொப்பியில ஒவ்வொரு நாளும் வாசிப்பு. கூட்டிப் பிரிச்சுப் பாத்தா லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் வித்தியாசம்கூட இல்லை. ஒரு கிழமை 92தான் கூட ஓடியிருந்தது. நாலு கிழமையில 1440 ரூபாயைச் சும்மா எரிச்சிருக்கிறன். அந்த மாசம் ஒரு அங்கர் பால்மாப் பைக்கற் வாங்க யோசிச்ச வீடு எங்கடை.

பிறகுதான் படிச்சு அறிஞ்சன். ஒக்டேன் எண்டது பெற்றோலின்ரை சத்து இல்லை. எஞ்சினுக்குள்ளை காத்தும் பெற்றோலும் அமுக்கப்படேக்கை, தானாப் பத்தாமல் எவ்வளவுக்குத் தாங்கும் எண்டதுதான் அந்த எண். பிளக் பொறி விட்டு நெருப்பு ஒழுங்காப் பரவ முதல், மூலையில கிடக்கிற கலவை தானா வெடிச்சா டக்டக் எண்டு அடிக்கும். அந்த அடி வராமப் பாக்கத்தான் கூடின ஒக்டேன். என்ரை மாதிரிச் சின்ன வண்டியில அமுக்கம் குறைவு, 92க்கே அந்த அடி வராது. வராத வருத்தத்துக்கு மருந்து வாங்கிக் குடுத்திருக்கிறன்.

ஹட்டனில் இருந்து:

அண்ணே, நீங்க சொல்றது சரிதான். ஆனா எங்க பக்கம் நடந்தது வேற மாதிரி. நான் ஆட்டோ ஓட்டுறேன். கியூஆர் வந்த நேரம் ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான் குடுத்தாங்க. பெற்றோல் ஷெட்டுக்குப் போனா, "92 முடிஞ்சிருச்சு, பவுசர் நாளைக்குத்தான். 95 இருக்கு, வேணுமா?"ன்னு கேப்பாங்க. எனக்குப் பின்னால நிக்கிறவங்க ரெண்டு பேரு மூஞ்சிய மூஞ்சிய பாப்பாங்க. நான் கணக்குப் போட்டேன். 5 லீற்றருக்கு 450 ரூபா கூட. நாளைக்கு வரைக்கும் வண்டியை நிறுத்தி வச்சா ஒரு நாள் ஓட்டமே போயிரும், அது 450 ரூபாய விட நெறைய. 95 அடிச்சிட்டு வந்துட்டேன். வண்டிக்கு அது தேவையில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு நான் வாங்குனது ஒரு நாள் ஓட்டம்.

இன்னொன்னு. சவாரி வர்றவங்க நெறைய பேரு சொல்வாங்க, "95 போட்டா மலை நல்லா ஏறும்"னு. அஞ்சு லீற்றர் போட்டு நானே பாத்துட்டேன். நானுஓயாவுல இருந்து நுவரெலியா ஏறுற பாதையில மூணு பேரும் ரெண்டு மூட்டையும் இருந்தா, 92லயும் ரெண்டாவது கியர்தான், 95லயும் ரெண்டாவது கியர்தான். மூணாவதுல வச்சு இழுத்தாத்தான் எஞ்சின் கடகடன்னு அடிக்கும். கியரைக் குறைச்சா நின்னுரும். எங்க அப்பாவும் டிரைவர், அவர் சொல்லிக் குடுத்தது இது: சத்தம் வந்தா மொதல்ல கையில இருக்கிறத மாத்து, அப்புறம் டாங்க்ல இருக்கிறத மாத்து.

வெள்ளவத்தையில் இருந்து:

நான் எதிர்ப்பக்கத்துக் கதையைச் சொல்ல வேண்டும். மேலே இருவரும் சொன்னதைப் படித்துவிட்டு எல்லோரும் 92க்கு மாறினால் சிலருக்கு நட்டம் வரும்.

எங்களிடம் இருப்பது டர்போ எஞ்சின் கொண்ட ஜெர்மன் கார். பெற்றோல் மூடியின் உள்பக்கம் "குறைந்தது 95" என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 2022இல் 92க்கும் 95க்கும் 90 ரூபாய் இடைவெளி வந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், அதில் 1800 ரூபாய் மிச்சம் என்று எண்ணி 92க்கு மாறினேன். காலி வீதியில் ஊர்ந்து போகும்போது ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் இல்லை. மாறியது சரிதான் என்றே நினைத்தேன்.

மூன்றாவது மாதம் தெற்கு அதிவேகப் பாதையில் மாத்தறைக்குப் போனோம். ஒரு லொறியை முந்த மிதித்தபோது கார் இழுக்கவில்லை. முன்பு மிதித்தவுடன் பாயும் வண்டி, ஈரச் சேலையை இழுப்பதுபோல் போனது. திரும்பி வந்து கணக்குப் பார்த்தேன். லீற்றருக்கு 11.5 ஓடியது 10.7க்கு இறங்கியிருந்தது. அதாவது 20 லீற்றரில் 230 கிலோமீற்றர் போன கார் 214தான் போகிறது. அதே 214 கிலோமீற்றரை 95இல் ஓடினால் பத்தாயிரத்துச் சொச்சம், 92இல் ஒன்பதாயிரம். 1800 மிச்சம் என்று நான் நம்பியது உண்மையில் ஆயிரம்தான். ஒதுக்கீடு இருந்த காலத்தில் கிழமைக்குப் பதினாறு கிலோமீற்றரும் போய்விட்டது.

கராஜில் பிளக்கைக் கழற்றி என் கையில் வைத்தார்கள். வெள்ளைப் பீங்கான் பகுதியில் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய புள்ளிகள். "இது கரி இல்லை, பிஸ்டனில் இருந்து வந்த உலோகம்" என்றார் அந்த மெக்கானிக். அதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. இப்படியான கார்களில் அடிப்பைக் கண்டுபிடிக்க ஓர் உணரி இருக்கிறது. அது பொறி விடும் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றப் பார்க்கும், அதனால்தான் இழுவையும் குறைகிறது, பெற்றோலும் கூடக் குடிக்கிறது. எனக்குச் சத்தம் கேட்காததற்கும் அதுவே காரணம். ஆனால் அதிவேகப் பாதையில் சூடும் சுமையும் சேரும்போது அதாலும் முழுக்கக் காக்க முடியாது. அன்றே 95க்குத் திரும்பினேன். மிச்சம் பிடிப்பதென்றால் காரைக் குறைவாக ஓடுவோம் என்று முடிவெடுத்து, பம்பலப்பிட்டிக்கு இப்போதும் நடந்துதான் போகிறோம்.

கரவெட்டியில் இருந்து:

92, 95 எண்டு தெரிவு செய்ய ஏலுமா இருந்ததே ஒரு குடுப்பினை எண்டு எனக்குப் படுது. 2022 ஜூன் 27இல இருந்து ஜூலை 10 மட்டும் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் பெற்றோல் எண்டு அறிவிச்சவை, ஞாபகம் இருக்கோ? அந்தக் கிழமைதான் அம்மாவை மந்திகை ஆசுபத்திரிக்குக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. என்ரை ஸ்கூட்டியில ஒரு துளி இல்லை. தெரிஞ்ச ஒராள் மூலமா ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில வாங்கினன், மூவாயிரம் ரூபா. 95 எண்டு சொல்லித்தான் தந்தவை.

ஸ்கூட்டி ஸ்ராட் வந்தது. ஆனா கேற்றடி தாண்ட முதலே டக்டக்டக் எண்டு ஒரு அடி, பின்னால வெள்ளைப் புகை. விறாந்தையில இருந்த அப்பா எழும்பி வந்தார். எழுபது வயசு, காதும் கொஞ்சம் மந்தம். கிட்ட வந்து நிண்டு கேட்டார். "நிப்பாட்டு பிள்ளை. உது மண்ணெண்ணெய்ச் சத்தம்."

போத்தலின்ரை அடியில மிஞ்சிக் கிடந்ததில ரெண்டு துளியைப் புறங்கையில விட்டுத் தேய்ச்சார். பெற்றோல் எண்டா குளிர்ந்துபோட்டு உடனே காஞ்சு போகுமாம். அவரின்ரை கையில எண்ணெய்ப் பசை பளபளத்துக்கொண்டே இருந்தது. எனக்கு மணக்கத் தந்தார், விளக்கு மணம்.

அப்பாவுக்கு எப்பிடித் தெரியும் எண்டு யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலம் இஞ்சை வாகனமெல்லாம் மண்ணெண்ணெயிலதானே ஓடினது. அப்பா காபரேற்றருக்குள்ளை சின்னப் போத்தலாலை கொஞ்சம் பெற்றோலைப் பீச்சி ஸ்ராட் எடுத்துப்போட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு விடுவாராம். ஏத்தம் வந்தா இறங்கித் தள்ளுவினமாம். அந்த அடியும் புகையும் கேட்டுக் கேட்டுக் காதில பதிஞ்சு போச்சுது. 2022இல மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாதான், ஒகஸ்ட்டிலதான் 340 ஆக்கினவை. பெற்றோலுக்குள்ளை கலந்து வித்தவைக்கு எவ்வளவு லாபம் எண்டு நீங்களே பாருங்கோ. மண்ணெண்ணெயின்ரை ஒக்டேன் 92க்குக் கிட்டவும் வராது.

அப்பா டாங்கை வடிச்சு, பிளக்கைக் கழட்டி உரஞ்சித் தந்தார். கிளினிக்குக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி சைக்கிளில அம்மாவை ஏத்திக்கொண்டு போனவன். நான் பின்னால இன்னொரு சைக்கிள். எனக்கு 92 ஆனாலும் 95 ஆனாலும் பரவாயில்லை, செட்டில பம்பால வாறதா இருக்கவேணும். போத்தல் பெற்றோல் ஒருநாளும் வாங்காதேங்கோ.

மட்டக்களப்பில் இருந்து:

சுருக்கமாகச் சொல்லுறன். நம்மட நாட்டில ஓடுற கார் கூடப்பேர்கிட்ட இருக்கிறது ஜப்பானில பாவிச்சிட்டு வந்ததுதான். மூடிக்குள்ள ஜப்பான் எழுத்தில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஒருத்தரும் வாசிக்கிறல்ல. எங்கட மாமா ஒராள் ஜப்பானில வேலை செய்தவர். என்ட 660 சிசி காரின்ட மூடியைத் திறந்து வாசிச்சிட்டு, "ரெகுலர் எண்டுதான் போட்டிருக்கு, நீ ஏன் 95 அடிக்காய்?" எண்டு கேட்டார். ஜப்பானில ரெகுலர் எண்டாலே 90 சொச்சம் ஒக்டேன்தானாம். அதுக்குச் செய்த காருக்கு நம்மட 92 தாராளம். "ஹைஓக்" எண்டு எழுதியிருந்தா மட்டும்தான் கூடினது கேக்குற கார். அங்க அது 96க்கு மேல, அந்தக் காருக்கு நம்மட 95கூட ஒரு படி குறைவுதான். இப்ப விலை ஏறினாலும் இறங்கினாலும் நான் 92.

வவுனியாவில் இருந்து:

அண்ணை, பாதி 92, பாதி 95 கலந்து அடிக்கலாமோ? நான் போன கிழமை ஒரு பழைய கார் வாங்கினனான். என்ன அடிக்கிறதெண்டு வித்தவருக்கும் தெரியாது.

கொக்குவிலில் இருந்து:

கலந்தா ஒண்டும் பழுதாகாது தம்பி, இடைப்பட்ட ஒரு ஒக்டேன் வரும், அவ்வளவுதான். 92 போதுமான காருக்கு அதுவும் வீண்காசு, 95 கேக்கிற காருக்கு அது காணாது. முதல் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கோ. மட்டக்களப்பு அண்ணையின்ரை மாமாவிட்டைக் காட்டிக் கேப்பம்.

வவுனியாவில் இருந்து:

போட்டிருக்கிறன். ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு கிடக்கு.

மட்டக்களப்பில் இருந்து:

மாமாகிட்ட காட்டினன். கடைசி எழுத்து ரெண்டும்தான் விளங்குதாம். வெயில் படுற இடத்தில காரை நிப்பாட்டி, துணியால துடைச்சிட்டு இன்னொருக்கா எடுங்க. அதுவரைக்கும் டாங்க்கை நிரப்பாம ரெண்டு மூணு லீற்றர் 95 மட்டும் அடிச்சு ஓடுங்க.