ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு எந்த அதிகாரம்?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்

பெரியப்பா: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டிசம்பர் 18 சாயந்தரம் 6 மணிக்கு நம் வீட்டில் வெள்ள நாள் ஸ்தோத்திரக் கூட்டம். சேகரகுரு (பாஸ்டர்) ஐயா வருகிறார். ஏசாயா 37, நான்சி வாசிப்பாள்.

நான்சி: முழு அதிகாரமுமா? 38 வசனம் பெரியப்பா

ஜெபா அத்தை: சாப்பாடு என்ன அண்ணே?

பெரியப்பா: பிறகு சொல்கிறேன். முதலில் ஏன் இந்த அதிகாரம் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கி.மு. 701. அசீரியா ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்துவிட்டான். எருசலேம் மட்டும்தான் பாக்கி. எந்தத் தேசத்துச் சாமி எங்கள் கையிலிருந்து தப்புவித்தது என்று அவன் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே கேலி பண்ணுகிறான். யூதா ராஜா எசேக்கியா, சனகெரிப் அனுப்பிய நிருபத்தை ஆலயத்தில் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபிக்கிறார். அசீரியர் பாளயத்தில் 1,85,000 பேர் செத்துக் கிடந்தார்கள். சனகெரிப் ஊருக்குள் காலே வைக்கவில்லை. நம் வீட்டிலும் தண்ணீர் மூன்றாம் படியில் நின்றுவிட்டது. ஜெபமுள்ள வீடு.

செல்வின் சித்தப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

ஜெபா அத்தை: செல்வின், என்னடா போட்டு அழித்தாய்?

செல்வின் சித்தப்பா: ஒன்றுமில்லை அக்கா. ஏரலில் நாங்களும் ஜெபம்தான் பண்ணினோம். மொட்டை மாடியில் நின்றுகொண்டு.

நான்சி: பெரியப்பா, முந்தின அதிகாரம் முதல் வசனத்திலேயே அரணான பட்டணங்களையெல்லாம் பிடித்தான் என்று இருக்கிறதே. அதில் ஒன்றான லாகீசில் ஜெபம் பண்ண ஆள் இல்லையா?

ஆல்வின் லண்டன்: லாகீஸ் இங்கே பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. சனகெரிப் தன் நினிவே அரண்மனையில் ஓர் அறைச் சுவர் முழுக்க அந்த முற்றுகையைச் செதுக்கி வைத்திருந்தான்.

ஆல்வின் லண்டன்: [புகைப்படம்] மாட்டு வண்டி, மேலே மூட்டை, மூட்டை மேல் ஆட்கள்

செல்வின் சித்தப்பா: எங்களை டிராக்டரில் ஏற்றியதும் இப்படித்தான்

பெரியப்பா: கர்த்தர் அவனைச் சும்மா விட்டாரா? 38-ம் வசனம் பார். சொந்தச் சாமி கோவிலில் சொந்த மகன்களே வெட்டிப் போட்டார்கள்.

ஆல்வின் லண்டன்: அது 20 வருஷம் கழித்து மாமா. கி.மு. 681

ஜெபா அத்தை: ஆல்வின், மாமாவிடம் வாயடிக்காதே. சாப்பிட்டாயா?

நான்சி: 35-ம் வசனமும் பாருங்கள். தன் நிமித்தமும் தாவீதின் நிமித்தமும் இந்த நகரத்தை ரட்சிப்பேன் என்கிறார். எசேக்கியா வீட்டில் ஜெபம் இருந்ததால் என்று அங்கே இல்லை. 2 இராஜாக்கள் 18-ல் அவரும் முதலில் 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கட்டத்தான் பார்த்தார், ஆலயக் கதவுத் தகட்டையே உரித்தார். எரேமியா 7-ல் இது கர்த்தரின் ஆலயம் என்று மூன்று தரம் சொல்லிக்கொண்டு தைரியமாக இருந்த அதே ஊர்தான் கி.மு. 586-ல் எரிந்தது.

பெரியப்பா: நீ பி.காம். படிக்கிறாயா, குருமாருக்கான பி.டி. படிக்கிறாயா?

செல்வின் சித்தப்பா: பிள்ளை சரியாகத்தான் கேட்கிறாள். அப்பா பத்திரம் இருந்த பீரோவும்தான் போனது. அது யார் செய்த பாவம்?

பெரியப்பா: பத்திரப் பேச்சை இங்கே எடுக்காதே.

ஜெபா அத்தை: அண்ணே, பிரியாணியா குஸ்காவா?

பெரியப்பா: சரி, சங்கீதம் 46 வைத்துக்கொள்வோம்.

செல்வின் சித்தப்பா: மூன்றாம் வசனத்தில் ஜலம் கொந்தளிக்கிறது. வேண்டாம்.

நான்சி: 36:1 வாசித்துவிட்டு, 37-ல் 14 முதல் 20 வரை எசேக்கியா ஜெபம் மட்டும் வாசிக்கட்டுமா?

பெரியப்பா: 1,85,000 பேர் செத்த 36-ம் வசனம் இல்லாமல் அது என்ன ஸ்தோத்திரக் கூட்டம்? ஐயாவிடம் கேட்கிறேன்.

ஆல்வின் லண்டன்: எங்களுக்கு மதியம் 12.30. யாராவது வீடியோ கால் போடுங்கள்

ஜெபா அத்தை: செல்வின், வருவாய்தானே?

செல்வின் சித்தப்பா: லாகீசை வாசித்தால் வருகிறேன் அக்கா

பெரியப்பா: அம்மாவின் பெரிய அண்டா உன்னிடம்தானே இருக்கிறது?

செல்வின் சித்தப்பா: ஆமாம். அது மட்டும் மிதந்து தப்பித்தது.

பெரியப்பா: தேய்த்துக் கொண்டு வா.

நான்சி: அப்போ 36:1 உண்டா பெரியப்பா?

ஜெபா அத்தை: குஸ்கா என்றே சொல்லிவிடுகிறேன்