மூன்றாம் ஹென்றியின் தங்கப் பென்னிக்கு ஏன் இவ்வளவு விலை?

கேள்வி: 2021-ல் இங்கிலாந்தின் டெவனில் வயலில் கிடைத்த, அந்நாட்டு அரசர் மூன்றாம் ஹென்றியின் தங்கப் பென்னி, அடுத்த ஆண்டு ஏலத்தில் 5,40,000 பவுண்டுக்குப் போனது. மூன்று கிராம்கூட இல்லாத காசு! வெறும் பழமைக்கா இந்த விலை?

பதில் 1: பழமைதான் காரணம் என்றால் ரோமானியக் காசு இன்னும் பழையது, சல்லிசாகவே கிடைக்கிறது. 1257-ல் ஹென்றி இதை 20 வெள்ளிப் பென்னிக்குச் சமம் என்று வெளியிட்டார். உள்ளே இருந்த தங்கமோ அதைவிட மதிப்பு. சும்மா விடுவார்களா? உருக்கிவிட்டார்கள். மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கேட்டவர்: சரி, இங்கிலாந்தின் பழைய தங்கக் காசுகளில் அழகு என்று பார்த்தால் எது?

பதில் 1: என் ஓட்டு மூன்றாம் எட்வர்ட் ராஜாவின் ‘நோபிள்’ என்ற தங்கக் காசுக்கு. கப்பலில் ராஜா வாளோடு நிற்பார். கேடயத்தில் இங்கிலாந்தின் சிங்கங்கள், பக்கத்துக் கட்டத்தில் பிரான்சின் லில்லிப் பூக்கள். பிரான்ஸ் கிரீடமும் எனக்கே என்று காசிலேயே அடித்துச் சொல்லிவிட்டார், மனுஷன்! வாங்கினால் ஓரத்தை நன்றாகப் பாருங்கள், தங்கத்துக்காக வெட்டிச் சுரண்டியிருப்பார்கள்.

பதில் 2: ‘ஏஞ்சல்’ என்ற தங்கக் காசை விட்டுவிட்டீர்களே. நான்காம் எட்வர்ட் 1465-ல் கொண்டுவந்தது. மிக்கேல் தேவதூதர் டிராகனைக் குத்துவார். பிற்கால அரசர்கள் கண்டமாலை (கழுத்தில் கட்டி வரும் நோய்) நோயாளிகளைத் தொட்டு ஆசீர்வதித்து, இதைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அதனால் பல காசுகளில் துளை. துளை இருந்தால் விலை இறங்கும். எனக்கென்னவோ துளையுள்ளதுதான் பிடிக்கும்.