கண்ணை மூடினால் தள்ளாட்டம்: பயிற்சியில் நிதானம் திரும்பிய அனுபவம்

எனக்கு 63 வயது. 12 வருடமாகச் சுகர். போன மார்கழியில் ஒரு காலை, முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வாஷ்பேசினைப் பிடித்ததால் விழவில்லை. தலைசுற்றல் இல்லை, மயக்கமும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிசியோதெரபிஸ்ட் கால்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். உடனே ஆட்டம். நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டார். பெருவிரலுக்குக் கீழே தொட்டதே தெரியவில்லை. கண், உட்காது, பாதம் மூன்றும் சொல்லித்தான் நாம் நிற்கிறோமாம். என் பாதம் மரத்துப்போனதால் கண்ணை நம்பியே இத்தனை நாள் நின்றிருக்கிறேன். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே பாத்ரூம் போவதற்கும் காரணம் அப்போதுதான் புரிந்தது.

"கோயில்ல அடிப்பிரதட்சணம் பண்ணியிருக்கீங்களாம்மா? அதேதான்" என்றார். டைல்ஸ் கோட்டின் மேல், ஒரு காலின் குதிகால் மற்ற காலின் விரலைத் தொட, 10 அடி. முதலில் சமையல் மேடையை நன்றாகப் பிடித்துக்கொண்டு. அப்புறம் இரண்டு விரல் மட்டும் வைத்து. அப்புறம் பிடிக்காமல் மேடையோரமாக. குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம் ஒற்றைக் கால். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 தடவை எழுவதுதான் கஷ்டம், தொடை எரியும். ஆனால் தொடையில் பலமில்லாமல் நிதானம் வராது.

முதல் வாரம் ஒற்றைக் காலில் 3 விநாடி. கணுக்கால் வெடவெடவென்று நடுங்கும். நாலாவது மாதம் 14. பாதத்தில் உணர்ச்சி திரும்பவில்லை, இரவில் விளக்கைப் போட்டுத்தான் நடக்கிறேன். ஆனால் சோப்புப் போடும்போது இப்போது இரண்டு கையும் முகத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் யாராவது செய்திருந்தால் எழுதுங்கள்.

ஈரோட்டிலிருந்து:
அக்கா, என் அப்பாவுக்கு 78. முதியவர்கள் விழாமலிருக்க நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பயிற்சியைச் செய்கிறார். வாரம் 3 நாள், அரை மணி நேரம். கணுக்காலில் எடை கட்டிக் காலை நீட்டி மடக்குவது, பின்னோக்கி நடப்பது, எட்டுப் போட்டு நடப்பது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஸ்கூட்டரில் போட்ட அதே எட்டுதான்! பின்னோக்கி நடக்கும்போது மட்டும் நான் பின்னால் நிற்பேன். ஆறு மாதத்தில் படிக்கட்டு இறங்கும் பயம் போய்விட்டது.

மதுரையிலிருந்து:
ஒன்று சொல்லணும். என் அம்மாவுக்குப் படுக்கையில் புரண்டாலே அறை சுழலும். நாங்களும் ஒற்றைக் கால் பயிற்சிதான் ஆரம்பித்தோம், பயனில்லை. உட்காதில் துகள் இடம் மாறியிருக்கிறது என்று காது மருத்துவர் கண்டுபிடித்து, படுக்கவைத்துத் தலையை நாலு நிலையில் திருப்பினார். இரண்டே தடவையில் சரியாகிவிட்டது. சுற்றல் இருந்தால் முதலில் காதைக் காட்டுங்கள், அப்புறம் பயிற்சி.